பருப்பு வேகாத தண்ணீர்

கீரனூரில் மாலை ஐந்து மணிக்குமேல் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க்கடையில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவது பல வருட வழக்கம். பேச்சு பெரும்பாலும் படித்த கதைகளைப் பற்றியதாக இருக்கும். சில நாள் படிக்காத கதைகளைப் பற்றியும் இருக்கும். எங்களில் இருவர் வேதியியல் படித்தவர்கள் என்பதை மற்றவர்கள் பெருந்தன்மையுடன் மறந்துவிடுவார்கள். அதை நினைவூட்டும் சந்தர்ப்பம் சில மாதங்களுக்கு முன் வந்தது.

எங்களில் ஒருவருடைய தமக்கை மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்ற பிரிவு. திருச்சி - புதுக்கோட்டைச் சாலையில் காலையும் மாலையும் ஓடும் கல்லூரிப் பேருந்துகளில் பாதிப்பேர் இன்று அந்தப் பிரிவில்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. கடையில் எங்களோடு உட்கார்ந்திருந்தவன் மடிக்கணினியைத் திறந்து, “மாமா, ஐரிஸ்னா என்ன பூ? நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டான். யாரும் பார்த்ததில்லை. எந்திரக் கற்றல் படிக்கும் அநேகமாக எல்லா மாணவரும் தொடங்குவது அந்தப் பூவில்தான். எட்கர் ஆண்டர்சன் சேகரித்து, ரொனால்டு ஃபிஷர் 1936இல் தம் கட்டுரையில் பயன்படுத்திய 150 பூக்களின் அளவுகள், மூன்று இனங்கள், இதழின் நீளம், அகலம். அதற்கடுத்து டைட்டானிக் கப்பலில் பிழைத்தவர் யார், இறந்தவர் யார் என்ற பட்டியல். அதற்கும் அடுத்து, சில ஆண்டுகள் முன்புவரை, பாஸ்டன் நகரத்து வீட்டு விலைகள். அவன் நிரல் எழுதினான், ஓட்டினான், திரையில் 97 சதவீதம் சரி என்று வந்தது. “எதுடா சரி?” என்று கேட்டோம். “அக்யூரசி மாமா” என்றான். எஞ்சிய மூன்று சதவீதத்தில் எந்தப் பூ எதனால் தவறிற்று என்று கேட்டதற்கு அவனிடம் பதிலில்லை. அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவன் அந்தப் பூவைத் தொட்டதில்லை.

அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. எங்கள் தரப்பை இங்கே எழுதி வைக்கிறோம். நம் பிள்ளைகளுக்குத் தரவு அறிவியலையும் எந்திரக் கற்றலையும் சொல்லித்தர மிகப் பொருத்தமான வாயில் வேதியியல்தான். ஆனால் அந்த வாயிலில் ஒரு பழைய பொய் குறுக்கே கிடக்கிறது. முதலில் அதை அகற்ற வேண்டும்.

பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஒரு மணம் நினைவிருக்கும்: அழுகிய முட்டையின் மணம், ஹைட்ரஜன் சல்பைடு. கையில் பெயர் தெரியாத ஒரு சிட்டிகை உப்பு. அதைக் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர். வெண்ணிற வீழ்படிவு வந்தால் முதல் தொகுதி, காரீயம். வராவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்து. கறுத்தால் இரண்டாம் தொகுதி. இல்லையெனில் அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும். அங்கே அலுமினியம், இரும்பு. அதற்குப் பிறகு துத்தநாகம், மாங்கனீசு. அதற்கும் பிறகு பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம். கடைசியில் தனியாக நிற்கும் மக்னீசியம். ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கிளை. இந்த முறைக்குத் தெளிவான பாடநூல் வடிவம் தந்தவர் ஃபிரெசீனியஸ் என்ற ஜெர்மானியர். அவருடைய நூல் 1841இல் வந்தது. இன்று கணினி மாணவர்களுக்கு ‘முடிவு மரம்’ என்று கரும்பலகையில் வரைந்து காட்டப்படுவது இதுவேதான். ஒரே வேறுபாடு: எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதை அங்கே எந்திரம் தரவிலிருந்து தானே தேர்ந்தெடுக்கிறது, இங்கே வேதியியலாளர்கள் கரைதிறனைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த மரத்தில் காரீயம் இரண்டிடத்தில் இருக்கும். முதல் தொகுதியிலும் உண்டு, இரண்டாவதிலும் உண்டு. அந்த வயதில் எங்களுக்கு அது அச்சுப்பிழை என்றே தோன்றியது. காரீயக் குளோரைடு நீரில் சிறிதளவு கரையும். ஆகவே முதல் கேள்வியில் முழுதும் அகப்படாமல் ஒரு பங்கு நழுவி அடுத்த கேள்விக்குப் போய்விடும். இந்த நழுவலை அறிந்துதான் பட்டியல் செய்தவர்கள் இரண்டு கிளையிலும் அதன் பெயரை எழுதினார்கள். தான் எங்கே தவறும் என்பதைத் தானே சொல்லிவைத்திருக்கும் ஒரு மரம்! ஐரிஸ் பூவில் தவறிய அந்த மூன்று சதவீதத்துக்கு இப்படி ஒரு காரணத்தை மாணவன் விரல் வைத்துக் காட்ட முடிந்தால், அவன் கற்றிருக்கிறான் என்று சொல்லலாம்.

நாங்கள் படித்த பள்ளியில் (வேறு மாவட்டம், பெயர் வேண்டாம்) இன்னொரு வழியும் இருந்தது. நீலமா, காப்பர் சல்பேட். பச்சையா, ஃபெரஸ் சல்பேட். பார்த்தவுடன் எழுதிவிட்டுப் பின்னர் சோதனைகளை நிரப்பிக்கொள்வோம். ஒருமுறை ஆசிரியர் நிக்கல் உப்பைக் கொடுத்தார், அதுவும் பச்சைதான். வகுப்பில் பாதிப்பேர் இரும்பு என்று எழுதினோம். பார்த்த எடுத்துக்காட்டுகளை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, பாராத ஒன்று வரும்போது தடுக்கி விழுவதை எந்திரக் கற்றலில் பெருங்குற்றமாகச் சொல்வார்கள். அதற்கு ஒரு பெயரும் தனி அத்தியாயமும் உண்டு. எங்களுக்கு அதை ஒரு பச்சை உப்பு ஒரே மதியத்தில் கற்பித்தது. பொதுத்தேர்வு நாளிலோ, எந்த மேசையில் என்ன உப்பு என்பது முந்தின மாலையே கசிந்துவிடும். சோதிக்க வேண்டிய விடை பயிற்சியின்போதே கைக்கு வந்துவிடுகிற அந்தக் கேட்டுக்கும் கணினிக்காரர்கள் ‘கசிவு’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல சொல்.

நிற்க. வாயிலில் கிடக்கும் பொய் என்று சொன்னோமே, அது உப்பைக்காட்டிலும் பியூரெட்டில்தான் அதிகம்.

பருமனறி பகுப்பாய்வில் பிப்பெட்டால் 20 மில்லி கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிலைத்த வெளிர் இளஞ்சிவப்பு தோன்றும் கணத்தில் நிறுத்தி, அளவைக் குறிக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்து, இரண்டு அளவீடுகள் ஒத்துவந்தால் அதுவே ‘கன்கார்டன்ட் வேல்யூ’. ஒத்துவரும்வரை செய்வது என்பதே இதன் கருத்து. நடைமுறையில் என்ன ஆயிற்று? ஒருமுறை மட்டும் செய்வோம். அந்த எண்ணையே மேலும் இருமுறை எழுதுவோம். 19.4, 19.4, 19.4. செய்து பார்த்தவனுடைய நோட்டில் 19.3, 19.6, 19.4 என்றிருந்தால் அவனுக்கு மதிப்பெண் குறையும். ஆகவே உண்மையாகச் செய்தவன் வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டான். ரெக்கார்டு நோட்டோ முந்தின ஆண்டு அண்ணன் எழுதியதன் படி. பல தலைமுறைகள் இப்படித் தேறி வந்திருக்கின்றன, நாங்கள் உட்பட. தமிழ்நாட்டில் பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தம் கையால் ‘தரவு’ உண்டாக்கும் இடம் அந்த மேசைதான். அங்கே அவர்கள் முதலில் கற்றுக்கொள்வது தரவைப் புனைய. அதன்பின் அவர்களுக்கு நான்காண்டு தரவு அறிவியல் சொல்லித்தருகிறோம்.

அளவீட்டில் சிதறல் இருக்கும், இருப்பதே இயற்கை. அந்தச் சிதறல் எவ்வளவு என்று சொல்லத் தெரிவதுதான் புள்ளியியலின் அரிச்சுவடி. சிதறலே இல்லாத ஒரு பத்தியைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும். நம்மிடமோ அதற்கு முழு மதிப்பெண்.

அப்படியானால் அளந்ததை ஒருபோதும் திருத்தவே கூடாதா என்ற கேள்வி எழும். கடையில் எழுந்தது. இதற்கு வேதியியலின் வரலாற்றிலேயே ஒரு மனிதர் இருமுறை பதில் சொல்லியிருக்கிறார். மெண்டலீவ் 1869இல் தனிமங்களை வரிசைப்படுத்தியபோது சில கட்டங்களை வெறுமையாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருக்கவேண்டிய, அதுவரை யாரும் காணாத தனிமத்துக்குச் சமஸ்கிருத எண்ணுப்பெயரைச் சேர்த்து ‘ஏக அலுமினியம்’ என்று பெயரிட்டு, அதன் அடர்த்தி ஏறத்தாழ 5.9 இருக்கும் என்று கணித்தார். 1875இல் பிரான்சில் புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்துக் காலியம் என்று பெயரிட்டார். அடர்த்தியை அளந்தபோது 4.7 வந்தது. பொருளைக் கண்ணால் கண்டவர் ஒருவர், காணாமலே கணித்தவர் ஒருவர். கணித்தவர், உங்கள் அளவீடு தவறு, இன்னும் தூய்மைப்படுத்திப் பாருங்கள் என்று சொன்னார். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். மற்றதைச் சொல்வதில்லை. டெலூரியத்தின் அணு எடை அயோடினைவிட அதிகமாக இருந்தது. குணத்தைப் பார்த்தால் டெலூரியம்தான் முன்னால் வர வேண்டும். மெண்டலீவ் அதே துணிவோடு இங்கும் அளவீட்டில்தான் பிழை, டெலூரியத்தின் எடை குறைவாகத்தான் இருக்கும் என்றார். இம்முறை பிழை அவருடையது. எவ்வளவு அளந்தாலும் டெலூரியம் 127.6, அயோடின் 126.9. வரிசையை முடிவுசெய்வது எடையே அல்ல, அணு எண் என்பது 1913இல் மோஸ்லியின் சோதனைகளுக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரே மனிதர், ஒரே மாதிரித் துணிவு. ஒன்றில் எண் தோற்றது, ஒன்றில் கோட்பாடு தோற்றது. ‘தரவைச் சுத்தம் செய்தல்’ என்று இன்று இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும் பாடத்தை இந்த இரு தனிமங்களை வைத்து ஒரு மாதம் நடத்தலாம். இரண்டு முறையும் தகராறைத் தீர்த்தது மறுபடி ஆய்வகத்துக்குப் போனதுதான் என்பதையும் மாணவர்கள் கவனிப்பார்கள்.

இது நாங்கள் தேநீர்க்கடையில் கண்டுபிடித்த புதுமையொன்றும் இல்லை. சென்னையிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. என்.பி.டி.இ.எல். வழியாக நாடு முழுவதும் மாணவர்கள் படித்த ‘பொறியாளர்களுக்கான தரவு அறிவியல்’ பாடத்தை நடத்திய ரகுநாதன் ரங்கசாமி, சங்கர் நரசிம்மன் இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யின் வேதிப் பொறியியல் துறையைச் சேர்ந்தவர்கள். வேதித் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மானி, ஒவ்வொரு மானியும் சிறிது பொய் சொல்லும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக இருந்தே ஆகவேண்டும் என்பது பொருண்மை அழியா விதி. மானிகளின் கணக்கு சமமாக வராதபோது, எந்த மானி எவ்வளவு பொய் சொல்கிறது என்று அந்த விதியைக் கொண்டே கண்டறிவது ஒரு தனிக்கலை. அதைப்பற்றி நூலெழுதியவர்களில் நரசிம்மன் ஒருவர். எண்ணைத் திருத்தலாம், ஆனால் திருத்துவதற்கு இயற்கை விதி ஒன்று உத்தரவு தர வேண்டும். எங்கள் பியூரெட் திருத்தலுக்கு உத்தரவு தந்தது மதிப்பெண்.

இன்னும் பின்னால் போனால் ஜி.என். ராமச்சந்திரன். இயற்பியலாளர்தான், ஆனால் கைவைத்தது மூலக்கூறுகளில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலியின் இரண்டு கோணங்களை இரு அச்சுகளில் வைத்து, எந்தப் பகுதி இயலும், எது இயலாது என்று எல்லை வகுத்தது. புரத அமைப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தெரிந்திருந்த காலம். இரண்டு அணுக்கள் ஓரளவுக்குமேல் நெருங்க முடியாது என்ற ஒரே வேதி உண்மையிலிருந்து அந்த எல்லைகளைக் கண்டார்கள். 2024இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பாதியைப் பெற்ற ஹசாபிஸ், ஜம்ப்பர் ஆகியோரின் ஆல்ஃபாஃபோல்டு எந்திரம் கற்றதோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புரத அமைப்புகளிலிருந்து. அந்த எந்திரம் கணித்துத் தரும் அமைப்பு ஏற்கத்தக்கதா என்று பார்ப்பவர்கள் இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

எங்கள் குழுவில் எதிர்த்தரப்பு ஒன்று உண்டு. கதைகள் மட்டுமே படிப்பவர். வேதியியலைக் கண்டாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஓடுகிறவர்களைப் பிடிக்க அதையே வலையாக விரிப்பீர்களா என்றார். நியாயம்தான். அவரை மடக்க (மடங்கினாரா என்பது வேறு) நாங்கள் எடுத்தது ஓர் எழுத்துமுறை. 1988இல் வெய்னிங்கர் என்பவர் மூலக்கூறுகளைக் கணினிக்கு ஒரே வரியில் எழுதிக்காட்ட ‘ஸ்மைல்ஸ்’ என்ற முறையை வெளியிட்டார். ஹைட்ரஜன் எழுதாமலே விளங்கும், தொக்கி நிற்கும் உருபுபோல. எத்தனால் என்பது சி, சி, ஓ. திருப்பி ஓ, சி, சி என்று எழுதினாலும் அதே எத்தனால்தான். ஆனால் சி, ஓ, சி என்று ஓ-வை நடுவில் வைத்தால் பொருளே மாறிவிடும். அது டைமெத்தில் ஈதர், அறையின் வெப்பத்தில் வாயு. எழுத்து அதே, புணர்ச்சி வேறு. ஒரு மொழியை எந்திரத்துக்குக் கற்பிப்பது எப்படியென்று அறிய விரும்பும் இலக்கிய வாசகனுக்கு இதைவிடச் சிறிய இலக்கணம் கிடைக்காது என்றோம்.

அதே எழுத்துமுறையில் எத்தனாலிலிருந்து ஒரு சி-யை எடுத்துவிட்டால் சி, ஓ. மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதனால்தான். தோற்றத்திலும் மணத்திலும் ஏறத்தாழ எத்தனாலேதான். உடலுக்குள் போனால் ஒன்று அசிட்டிக் அமிலமாகும். மற்றது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். ஒத்த வடிவங்களுக்கு ஒத்த குணம் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மூலக்கூறுகளைக் கற்கும் எந்திரங்கள் பெரும்பாலும் இயங்குகின்றன. பல இடங்களில் அது பலிக்கிறது. அது பலிக்காத இடம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல நமக்கு வேறு நாட்டு உதாரணம் தேவைப்படவில்லை. அன்று எதிர்த்தரப்பு ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் யாருமே ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சை விட்டுச் செய்து பார்ப்போம் என்று தோன்றியது அதற்குப் பிறகுதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92ஆம் ஆண்டுகளில் நடந்த அறிவொளி இயக்கம் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள் பெண்கள். கற்பது அன்றாடத்தோடு ஒட்டியிருந்ததால்தான் அது பிடித்துக்கொண்டது என்று நாங்கள் எண்ணுகிறோம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இம்மாவட்டத்தில் அன்றாடம் என்றால் தண்ணீர்தான். எந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, எதில் சோப்பு நுரைக்காது என்று இங்கே எந்த வீட்டிலும் சொல்வார்கள். அந்தச் சொல்வழக்கே ஒரு வகைப்பாடு.

மருமகனும் அவன் நண்பர்களுமாகப் பதினோரு பேர். நார்த்தாமலை, குளத்தூர், குன்றாண்டார்கோயில் என்று அவரவர் ஊர்க் கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் குழாயிலிருந்தோ ஆளுக்கு இரண்டு புட்டி நீர். எங்களில் ஒருவர் வீட்டு மாடியில் இரவல் வாங்கிய பியூரெட். 50 மில்லி நீரில் தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் சேர்த்து, ஈ.டி.டி.ஏ.வைச் சொட்டவிட்டால் ஒயின் சிவப்பு நீலமாக மாறும். நாங்கள் எடுத்த செறிவில், செலவான மில்லியை 20ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை. இந்தியத் தர நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டு விதிப்படி 200 வரை நல்லது, வேறு வழியில்லாவிடில் 600 வரை பொறுக்கலாம்.

முதல் நாள் ஒரு பெண் கொண்டுவந்து காட்டிய எண்கள் 18.6, 18.6, 18.6. பக்கத்தில் நின்றவள் தன் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள், 18.4, 18.9, 18.6. மறைத்தவளுடைய எண்களைப் பலகையில் எழுதினோம். 368, 378, 372. இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது என்று மாலைவரை பேசினோம். முதற்பெண் எழுந்துபோய் மறுபடியும் குடுவையைக் கழுவினாள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு டி.டி.எஸ். மானி வந்தது. நீரில் முக்கினால் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும். சில நூறு ரூபாய். மானி காட்டும் எண்ணிலிருந்து கடினத்தன்மையைக் கணித்துவிட்டால் பியூரெட்டே வேண்டாமே என்றான் மருமகன். சரி, எந்திரத்துக்குக் கற்பி என்றோம். பதினைந்து புட்டிகளைக் கொண்டு கோடு பொருத்தினான். ஏழைத் தனியே மறைத்து வைத்தான். ஆறில் கணிப்பு அருகே வந்தது. ஒன்றில் மட்டும் எந்திரம் மிக அதிகம் என்று சொல்ல, பியூரெட் மிகக் குறைவு என்றது. அளவீட்டுப் பிழை, எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவனும் அவனே. மறுபடி செய்தார்கள், அதே குறைவு. வேறொருவர் செய்தார், அதே. அப்புறம்தான் ஒருத்தி கேட்டாள்: மானி எல்லா உப்பையும் எண்ணுகிறது, ஈ.டி.டி.ஏ. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மட்டும்தானே எண்ணுகிறது, இதில் வேறு ஏதாவது இருக்குமோ?

சில்வர் நைட்ரேட் கொஞ்சம் கிடைத்தது. மற்றப் புட்டிகளின் நீர் சொட்டு விழுந்ததும் புகைபோல லேசாகக் கலங்கிற்று. இதில் தயிராகவே திரண்டது. குளோரைடு. ஒரு கம்பி நுனியில் அந்த நீரை வற்றவைத்துச் சுடரில் காட்டினோம், மஞ்சள் பளிச்சென்று எரிந்தது. சோடியம். அந்தக் கிணற்றில் பருப்பு வேகுமா என்று அந்தப் புட்டியைக் கொண்டுவந்த பையனிடம் கேட்டோம். “பருப்பு வேகும், ஆனா வாய்ல வெக்க முடியாது” என்றான். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, பட்டியலில் அதற்குப் பத்தி இல்லையே என்றான்.

இப்போது ‘சுவை’ என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு இருபத்திரண்டு புட்டிகளையும் அதே இடங்களிலிருந்து மறுபடி எடுப்பதாக ஏற்பாடு.